வேரோடு விழுந்த பல், விடிய விடிய பல்வலி: அவசரத்தில் என்ன செய்தீர்கள்?

தாமரைக்குளத்தான்
சனி, இரவு 11.40

வணக்கம். கை இன்னும் நடுங்குகிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பையனுக்கு 11 வயது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தான். கார்க் பந்து எகிறி நேராக வாயில் பட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் மேல்வரிசை முன்பல் ஒன்று மண்ணில் கிடக்கிறது. உடையவில்லை, வேரோடு முழுசாக வந்துவிட்டது. நாம் வெளியே பார்க்கும் பல் பாதிகூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேர் மஞ்சளாக, நீளமாக இருந்தது. அதன்மேல் இளஞ்சிவப்பாக நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. மண்ணும் சதையும் என்று நினைத்து, குழாயடியில் வைத்து நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன். டிஷ்யூவில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் போன கிளினிக் பூட்டியிருந்தது. இரண்டாவது இடத்தில் டாக்டர் கிளம்பிவிட்டார் என்றார்கள். மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தபோது மணி எட்டு. அந்த டாக்டர் அம்மா பல்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாலில் போட்டு எடுத்துட்டு வந்திருக்கலாமே சார்" என்றார். மைதானத்துக்கு எதிரே பால் பூத் இருக்கிறது. அந்த பூத் வாசலில் நின்றுதான் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

பல்லை மறுபடி வைத்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். எத்தனை நாள் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்கிறார்கள். பல் விஷயத்தில் அவசரம் என்று வந்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது, எது உதவியது, எது கெடுத்தது என்று எழுதுங்கள். என்னைப் போல இன்னொருவர் குழாயடிக்கு ஓடக்கூடாது.

வைகைக்கரை_பல்வைத்தியன்
ஞாயிறு, காலை 7.15

சார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தெரியாதபோது எந்த அப்பாவும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள். நான் பல் மருத்துவன், 14 வருடமாகப் பார்க்கிறேன். பல்லைக் கழுவாமல் என்னிடம் கொண்டுவந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நீங்கள் சுரண்டிய அந்த நூல் நூலானது அழுக்கு இல்லை. பல்லின் வேரையும் தாடை எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநார் அது. அதில் இருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் பழையபடி ஒட்டும். வெளியே காய்ந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் செத்துவிடும். ஒரு மணி நேரம் தாண்டினால் ஒன்றும் மிஞ்சாது. தண்ணீரில் ஊறப்போட்டாலும் செல்கள் நீரை உறிஞ்சி ஊதி வெடிக்கும். பாலில் இருக்கும் உப்பும் சத்தும் உடம்பின் திரவத்துக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால் அதில் தாக்குப்பிடிக்கும். காய்ச்சாத பாக்கெட் பால் போதும், குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் பாலைவிடச் சிறந்த இடம் ஒன்று உண்டு. பல் விழுந்த அந்தக் குழியேதான். பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள், வேரில் விரல் படக்கூடாது. மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ சில நொடி அலசுங்கள், தேய்க்க வேண்டாம். பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சரிபார்த்து மெதுவாக உள்ளே அழுத்தி, கைக்குட்டையை மடித்துக் கடிக்கச் சொல்லி, அப்படியே வண்டியில் ஏற்றுங்கள். பிள்ளை மயங்கியோ வாந்தி எடுத்தோ இருந்தால் பல்லெல்லாம் அப்புறம், முதலில் பெரிய ஆஸ்பத்திரி.

உங்கள் பையனுக்கு இரண்டரை மணி நேரம் கழித்து வைத்ததும் வீண் இல்லை. வேர் காலப்போக்கில் எலும்போடு ஒட்டி மெல்லக் கரையலாம், அது பல வருடக் கதை. அதுவரை தாடை எலும்பு சூம்பிப்போகாமல் அந்தப் பல் காக்கும். இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) தொடங்கிவிட வேண்டும், அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி அட்டையில் 10 வயதுக்கான டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், மண்ணில் விழுந்த பல் அது.

மலர்விழி_கோபி
ஞாயிறு, காலை 8.02

டாக்டர், என் மகளுக்கு 4 வயது. பால்பல் இப்படி விழுந்தாலும் திரும்ப வைக்கலாமா? இளநீரில் போடலாம் என்றும் படித்தேன்.

வைகைக்கரை_பல்வைத்தியன்
ஞாயிறு, காலை 8.20

பால்பல்லைத் திரும்ப வைக்கவே கூடாதம்மா. உள்ளே முளைக்கக் காத்திருக்கும் நிலைப்பல்லின் குருத்தில் அது குத்திவிடும். ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள், பல் நிஜமாகவே விழுந்ததா, ஈறுக்குள் புதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்த பல் எங்கே தேடியும் கிடைக்கவில்லை, பிள்ளை இருமுகிறது என்றால் மூச்சுக்குழாயில் போயிருக்கலாம், உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

இளநீர் தேடி அலைவதற்குள் பால் கிடைத்துவிடும். பாலும் இல்லையா, பிள்ளையின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில் போடுங்கள். எதுவுமே இல்லை என்றால்தான் தண்ணீர். காய விடுவதற்குத் தண்ணீர் மேல்.

நிலைப்பல் உடைந்து துண்டு கிடைத்தால் அதையும் எடுத்து வாருங்கள். பல நேரம் அதே துண்டை ஒட்டிவிட முடியும். உதடு கிழிந்திருந்தால் துண்டு உதட்டுக்குள்ளேயே இருக்கலாம்.

ராத்திரிப்பறவை
ஞாயிறு, காலை 10.45

என் கதை வேறு மாதிரி. போன தீபாவளிக்கு முந்தின இரவு. இடப்பக்கக் கீழ் கடைவாய்ப்பல் ஆறு மாதமாகச் சொத்தை. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் கூசும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். அன்றைக்குப் படுத்ததும் விண் விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. காது, நெற்றிப்பொட்டு எல்லாம் வலி. எந்தப் பல் என்றே சொல்ல முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும், படுத்தால் மறுபடி.

ஃபிரிட்ஜ் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து ஒரு வாய் ஊற்றிப் பல்மேல் வைத்துக்கொண்டால் வலி நின்றுவிடும். ஒரு நிமிடத்தில் வாயில் தண்ணீர் சூடாகும், திரும்ப வலிக்கும். துப்பிவிட்டு அடுத்த வாய். விடியும்வரை இப்படியே மூன்று சொம்பு. காலையில் வீட்டில் எல்லோரும் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் சொம்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் வலி அசையவில்லை. கடைசியில் டாக்டர் ஊசி போட்டுப் பல்லைத் திறந்த பத்தாவது நிமிடம் நின்றது. ரூட் கேனாலும் கேப்பும் சேர்ந்து எனக்கு 9,000 ரூபாய் ஆனது. ஆறு மாதம் முன்பே அடைத்திருந்தால் ஒரு ஆயிரத்தோடு முடிந்திருக்கும்.

மருந்துக்கடை_முருகேசு
ஞாயிறு, பகல் 1.10

நான் மெடிக்கல் நடத்துகிறேன், எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். ஞாயிறு ராத்திரி பத்தரைக்குக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். பல் டாக்டர் யாரும் இல்லை. சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார்கள். வலியில் துடிப்பவரை வெறுங்கையோடு அனுப்ப மனசு வருமா? குறை சொல்பவர்கள் அந்த நேரத்தில் என்ன கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை_பல்வைத்தியன்
ஞாயிறு, மாலை 4.30

நியாயமான கேள்வி அண்ணா. வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். வலிமாத்திரை கொடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எதுவும் இல்லாத பெரியவர் என்றால் சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபென் 400, அதோடு பாராசிட்டமால் 500. இந்த ஜோடி பல்வலிக்கு நன்றாகக் கேட்கும். கர்ப்பிணி என்றாலோ டெங்குக் காய்ச்சல் சந்தேகம் என்றாலோ பாராசிட்டமால் மட்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நிமெசுலைட் நம் நாட்டில் 2011 முதல் தடை. "செட்" என்று நான்கைந்து மாத்திரையைக் கலந்து மடித்துக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அதில் என்ன இருந்தது என்று மறுநாள் எங்களுக்கே தெரியாது.

ஆன்டிபயாடிக் ஏன் வேண்டாம் என்றால், ராத்திரிப்பறவைக்கு வந்தது பல்லுக்குள் இருக்கும் நரம்பின் வீக்கம். நான்கு பக்கமும் கெட்டியான சுவர், உள்ளே வீங்க இடமில்லை, அதனால் அந்த வலி. அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பல்லைத் திறந்தால்தான் அழுத்தம் விடும். முகம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். ஆனால் அப்படி ஒருவர் வந்தால் அவருக்கு மாத்திரையே போதாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பது, டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பதற்குத்தான்.

இன்னொன்று, மாத்திரையைப் பல்லிடுக்கில் வைத்து அடக்கிக்கொள்வதைத் தயவுசெய்து தடுங்கள். ஆஸ்பிரின் வைத்து ஈறும் கன்னமும் வெந்து வெள்ளையாகிப் போய் வருகிறார்கள்.

பூங்குழலி_சேலம்
ஞாயிறு, இரவு 9.05

முகம் வீங்கினால் என்று டாக்டர் எழுதியதைப் படித்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. ஊரில் மாரியம்மன் பண்டிகை. கீழ் கடைசிப் பல் வலிக்கிறது என்றார், வீட்டில் விருந்தாளிகள், பண்டிகை முடியட்டும் என்று கிராம்புத் தைலம் வைத்துக்கொண்டார். இரண்டாம் நாள் தாடைக்குக் கீழே வீக்கம். சூடாக ஒத்தடம் கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் "வலி குறைஞ்சிடுச்சும்மா" என்றார். எங்களுக்கும் நிம்மதி.

மத்தியானம் சாப்பாடு வைத்தேன். ரசம் சாதத்தை வாயில் போட்டவர் விழுங்க முடியாமல் அப்படியே வைத்திருந்தார். வாய் இரண்டு விரல்கூடத் திறக்கவில்லை. பேச்சு, வாயில் சூடான உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறியது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, துண்டை வைத்துத் துடைத்தபடி இருந்தார். தாடைக்கு அடியில் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் மரக்கட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. படுக்கச் சொன்னால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். ஒரு பார்வை பார்த்தார், 108க்குப் போன் போட்டார். படுக்க வைக்காதே, உட்கார்ந்தபடியே கூட்டிப் போ என்றார். ஆஸ்பத்திரியில் சர்க்கரை 412. கழுத்தில் கீறிச் சீழை வடித்து, மூச்சுக்குக் குழாய் வைத்து, ஆறு நாள் ஐ.சி.யூ. கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னும் நான்கு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்லிவிட்டு மேலே பேசவில்லை. அவ்வளவும் ஒரு சொத்தைப் பல்லால் வந்தது.

நாங்கள் ஏமாந்த இடம் அந்த மூன்றாம் நாள் காலைதான். வலி குறைந்ததும் நோயும் குறைந்தது என்று நினைத்தோம்.

வைகைக்கரை_பல்வைத்தியன்
ஞாயிறு, இரவு 9.50

அம்மா, அந்த நர்ஸ் அக்கா அப்பாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் என்ற மருத்துவர் 1836இல் இந்த நோயை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கிறோம். கீழ் கடைவாய்ப்பல் வேரின் சீழ் தாடைக்கு அடியில் இறங்கி, நாக்கை மேலே தள்ளி மூச்சை அடைப்பது. நரம்பு செத்தாலும் சீழ் ஈறை உடைத்துக்கொண்டு பரவினாலும் வலி குறையும். வீக்கம் வளர்ந்துகொண்டிருக்கும்போது வலி குறைந்தால் அதை நல்ல சகுனமாக எடுக்கவே கூடாது.

எச்சில் விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, குரல் மாறிவிட்டது, வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது அல்லது கண்ணை மூடுகிறது, காய்ச்சலில் நடுங்குகிறார். இதில் ஒன்று இருந்தாலும் பல் கிளினிக் எப்போது திறக்கும் என்று காத்திருக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அந்த இரவே போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். வீக்கத்துக்கு வெளியே சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

கரிசல்மண்
திங்கள், காலை 6.40

எங்கள் பாட்டி கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கச் சொல்வார். பூச்சி கீழே விழும், வலி போகும். நானே சின்ன வயதில் செய்திருக்கிறேன், வலி நின்றது. எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ள வேண்டாமே.

வைகைக்கரை_பல்வைத்தியன்
திங்கள், காலை 7.30

தள்ளவில்லை ஐயா. வலி கொஞ்ச நேரம் அடங்கியிருக்கலாம், உங்கள் அனுபவத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பல்லுக்குள் பூச்சி கிடையாது. இனிப்பைத் தின்னும் பாக்டீரியா விடும் அமிலம்தான் பல்லைக் குடைகிறது, கண்ணுக்குத் தெரியும் புழு எதுவும் உள்ளே இல்லை. புகை போட்டாலும் ஓட்டை அப்படியேதான் இருக்கும். கிராம்பு விஷயத்தில் பாட்டிகள் சொன்னது சரி. அதில் உள்ள யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும், நாங்கள் தற்காலிகமாக அடைக்கும் சிமென்ட்டிலும் அதைத்தான் கலக்கிறோம். ஒரு சொட்டுப் பஞ்சில் தொட்டு ஓட்டைக்குள் மட்டும் வையுங்கள், ஈறில் வழிந்தால் புண்ணாகும்.

கரிசல்மண்
திங்கள், காலை 7.55

சரிங்க டாக்டர். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று அம்மா ஆறு வருடமாகப் பிடுங்க விடவில்லை. அதையும் சொல்லிவிடுங்கள், அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

வைகைக்கரை_பல்வைத்தியன்
திங்கள், காலை 8.10

அம்மாவுக்கு: கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்குப் போகும் நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. மேல் கோரைப்பல்லில் சீழ் வைத்தால் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கண்ணே மூடிக்கொள்ளும். அந்தக் காலத்தில் அந்த நிலையில்தான் பல்லைப் பிடுங்கப் போயிருப்பார்கள், பழி பிடுங்கியதன் மேல் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். கெட்ட பல்லை ஆறு வருடம் வைத்திருப்பதுதான் கண்ணுக்கு ஆபத்து அம்மா. இந்த வாரமே வாருங்கள்.

சாந்தி_டீச்சர்
திங்கள், மாலை 5.20

பிடுங்கிய பிறகு எனக்கு நடந்தது. ஞானப்பல் எடுத்த மறுநாள் உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர் வாங்கி ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினேன். மூன்றாம் நாள் பிடுங்குவதற்கு முன் இருந்ததைவிட மோசமான வலி, காதுவரை. வாயில் நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் குழி காலியாக, எலும்பு தெரிந்தது. உறிஞ்சியதில் ரத்தக்கட்டி கழன்றுவிட்டதாம். கழுவி மருந்து வைத்துக் கட்டியதும் அன்று மாலையே தூங்கினேன். டம்ளரில் குடிக்கச் சொல்லியிருந்தால் குடித்திருப்பேன், யாரும் சொல்லவில்லை.

வைகைக்கரை_பல்வைத்தியன்
திங்கள், மாலை 6.00

சொல்லாதது எங்கள் தரப்புத் தவறு டீச்சர். ரத்தம் நிற்கவில்லை என்று ராத்திரி போன் செய்பவர்களிலும் பாதிப்பேர் துப்பிக்கொண்டே இருப்பவர்கள்தான். துப்பத் துப்பக் கட்டி பிடிக்காது. சுத்தமான துணியை உருட்டிக் குழிமேல் வைத்து அரை மணி நேரம் எடுக்காமல், எடுத்து எடுத்துப் பார்க்காமல், அழுத்திக் கடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் பிடுங்குவதற்காகத் தாங்களாக அதை நிறுத்தாதீர்கள். எங்களிடம் முன்கூட்டியே சொன்னால் போதும்.

பழைய_கண்டக்டர்
திங்கள், இரவு 10.15

எனக்கு 58. ஒரு மாதமாக இடது கீழ்த்தாடை வலி. பேருந்து நிலையப் படிக்கட்டு ஏறினால் வலிக்கும், நின்றால் போய்விடும். பல் என்றே நினைத்துப் பல் டாக்டரிடம் போனேன். அவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு, பல் ஒன்றும் இல்லை, ஏறும்போது வியர்க்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து என் கூடவே வந்து எதிர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்க வைத்தார். இதய ரத்தக்குழாயில் இரண்டு அடைப்பு, ஸ்டென்ட் வைத்தாயிற்று. பல்வலி என்று வருபவர்கள் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் தம்பிகளா.

மலர்விழி_கோபி
செவ்வாய், காலை 9.00

பணம் இல்லாதவர்கள் எங்கே போவது? 9,000 ரூபாய் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் பல்லைப் பிடுங்கிவிடுவார்கள்.

பூங்குழலி_சேலம்
செவ்வாய், காலை 11.30

மலர்விழி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும், கூட்டம் இருக்கும். சென்னைப் பக்கம் என்றால் பாரிமுனை அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953லிருந்து இருக்கிறது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. ரூட் கேனாலுக்கு நாலைந்து தடவை அலைய வேண்டியிருக்கும், ஆனால் பல் மிஞ்சும். ராத்திரியில் வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் ஓ.பி. நேரம் பார்க்காதீர்கள், நேராக அவசரப் பிரிவு.

தாமரைக்குளத்தான்
ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

எல்லோருக்கும் நன்றி. விவரம் சொல்லாமல் விட்டால் தப்பு.

ஒன்பதாம் நாள் வேர் சிகிச்சை ஆரம்பித்தார்கள், பதினைந்தாம் நாள் கம்பியை எடுத்தார்கள். பல் நிற்கிறது. கரும்பு கடிக்கக் கூடாது, ஆப்பிளை நறுக்கித்தான் கொடுக்கிறோம். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டர் அம்மா வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் அந்தப் பல்லை லேசாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார். எவர்சில்வரைத் தட்டுவதுபோல் கணீரென்று கேட்டால் எலும்போடு ஒட்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாம். இதுவரை பக்கத்துப் பல்லைப் போலவே மந்தமாகத்தான் கேட்கிறது. வீட்டில் அவன் தூங்கும்போது நானும் நகத்தால் தட்டிப் பார்க்கிறேன்.

பள்ளிக்கூட பி.டி. சாரிடம் வைகைக்கரை டாக்டர் எழுதியதை அச்சடித்துக் கொடுத்தேன். ஸ்டோர் ரூம் கதவில், முதலுதவிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்.

பால் பூத்துக்காரரையும் பார்த்தேன். யாராவது பிள்ளை பல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தால் காசு கேட்காமல் ஒரு பாக்கெட்டை வெட்டி டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள், என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எதற்கு என்று விவரமாகக் கேட்டார். சொன்னேன். உங்கள் கணக்கெல்லாம் வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு, ஒரு காலி டம்ளரைக் கழுவிக் கல்லாவுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.